காலாபாணியில் பிறந்த கட்சி

காலாபாணி என்று அழைக்கப்பட்ட அந்தமான் செல்லுலார் சிறை என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கும் 1996-ல் வந்த ‘சிறைச்சாலை’ படம்தான் கண்முன் வரும். செக்கிழுக்கும் கைதிகள், சாட்டையோடு நிற்கும் வார்டர்கள், தப்பிக்க வழியில்லாத கடல். அந்தக் கதையின் காலம் முதல் உலகப் போரை ஒட்டியது. இருபது ஆண்டுகள் கழித்து, அதே கட்டடத்தின் அதே அறைகளுக்குள் இன்னொரு கதை நடந்தது. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

வெடிகுண்டையும் ரிவால்வரையும் நம்பிக் களத்தில் இறங்கிப் பிடிபட்ட இளைஞர்கள், அந்தமான் சிறையில் புத்தகம் படித்தார்கள், இரவு பகலாக வாதிட்டார்கள், பழைய தோழர்களோடு மனஸ்தாபப்பட்டார்கள், கடைசியில் ஒரு கம்யூனிஸ்ட் அமைப்பையே கட்டினார்கள். ‘கம்யூனிஸ்ட் கன்சாலிடேஷன்’ என்று அதற்குப் பெயர். 1935-ல் பிறந்த அந்த அமைப்பு, 1938 ஜனவரியோடு தீவிலிருந்து மறைந்தது. அதை முடித்து வைத்தது அடக்குமுறை இல்லை. அது அடைந்த மிகப் பெரிய வெற்றிதான் அதை முடித்து வைத்தது.

மறுபடியும் திறந்த கதவு

1896-ல் தொடங்கி 1906-ல் கட்டி முடிக்கப்பட்ட சிறை அது. நடுவில் ஒரு கோபுரம், அதிலிருந்து விரியும் ஏழு மூன்றடுக்குக் கட்டடங்கள், ஏறத்தாழ 700 தனி அறைகள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாதபடி ஒரு கட்டடத்தின் முன்பக்கம் அடுத்ததன் பின்பக்கத்தைப் பார்த்திருக்கும். மனிதர்களைத் தனித்தனியாகப் பிரித்து வைப்பதற்காகவே போடப்பட்ட திட்டம். 1909-ல் அலிப்பூர் வெடிகுண்டு வழக்குக் கைதிகள் வந்தார்கள். 1911-ல் சாவர்க்கர் வந்தார். 1919-20-ல் ஆராய்ந்த சிறைக் குழு நாடு கடத்தலை நிறுத்தப் பரிந்துரைக்க, 1921-ஐ ஒட்டி அரசியல் கைதிகள் தாய்நிலத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அந்த அத்தியாயம் முடிந்தது என்றே நாடு நினைத்தது.

1930 ஏப்ரல் 18 எல்லாவற்றையும் மாற்றியது. சூரியா சென் தலைமையில் சிட்டகாங் இளைஞர்கள் ஆயுதக் கிடங்குகளைத் தாக்கினார்கள். அன்று புனித வெள்ளி. தங்கள் படைக்கு ‘இந்தியக் குடியரசுப் படை, சிட்டகாங் கிளை’ என்று பெயர் சூட்டியிருந்தார்கள். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான அயர்லாந்தின் 1916 ஈஸ்டர் எழுச்சியைப் படித்து உள்வாங்கிய கூட்டம் அது. அடுத்தடுத்து வங்காளத்தில் மாஜிஸ்திரேட்டுகள் சுடப்பட்டார்கள். அரசு மிரண்டது. இவர்களை உள்ளூர்ச் சிறைகளில் வைத்திருப்பது ஆபத்து என்று முடிவெடுத்து, 1932-ல் செல்லுலார் சிறையை அரசியல் கைதிகளுக்காக மறுபடியும் திறந்தது.

வந்தவர்கள் யார்? சிட்டகாங் வழக்கின் கணேஷ் கோஷ், அனந்த சிங், லோக்நாத் பால், அம்பிகா சக்ரவர்த்தி. வழக்கிலேயே மிக இளையவர்களில் ஒருவரான சுபோத் ராய். டல்ஹௌசி சதுக்க வெடிகுண்டு வழக்கின் டாக்டர் நாராயண் ராய். மெச்சுவாபஜார் வழக்கின் நிரஞ்சன் சென்குப்தா, சதீஷ் பக்ராஷி. பதினேழு பதினெட்டு வயதில் தண்டனை பெற்ற பர்துவான் இளைஞர் ஹரேகிருஷ்ண கோனார். பெரும்பாலானோர் வங்காளிகள்.

பகத் சிங்கின் தோழர்களும் வந்தார்கள். டெல்லி மத்திய சட்டசபையில் அவரோடு குண்டு வீசிய படுகேஷ்வர் தத், லாகூர் சதி வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற சிவ் வர்மா, ஜெய்தேவ் கபூர், விஜய் குமார் சின்ஹா, மகாவீர் சிங். இவர்களில் பலர் அந்தமானுக்கு வருமுன் சென்னை மாகாணச் சிறைகளில்தான் வைக்கப்பட்டிருந்தார்கள். தத் சேலத்தில் இருந்தவர். தமிழ் மண்ணோடு இன்னொரு தொடர்பும் உண்டு. 1933 ஏப்ரலில் ஊட்டியில் ஒரு வங்கியைக் கொள்ளையடித்துச் சென்னையில் சிக்கிய வட இந்தியப் புரட்சிக் குழுவின் சம்புநாத் ஆசாத்தும் இதே சிறைக்குக் கொண்டுவரப்பட்டார்.

மூன்று உயிர்களின் விலை

புத்தகமும் விவாதமும் இவர்களுக்குச் சும்மா கிடைக்கவில்லை. வந்த புதிதில் இரவில் அறையில் விளக்கு கிடையாது. படிக்கப் பத்திரிகை கிடையாது. சாப்பாடு வாயில் வைக்க முடியாதது. மனுக்கள் குப்பைக்குப் போயின. 1933 மே 12 அன்று உண்ணாவிரதம் தொடங்கியது.

சில நாட்களிலேயே வலுக்கட்டாயமாக உணவு செலுத்தும் வேலையை அதிகாரிகள் ஆரம்பித்தார்கள். பலர் சேர்ந்து கைதியை அமுக்கிப் பிடிக்க, மூக்கு வழியாக ரப்பர் குழாயைச் செருகிப் பாலை ஊற்றுவார்கள். மே 17 அன்று மகாவீர் சிங்குக்கு அப்படிச் செய்தபோது பால் நுரையீரலுக்குள் போயிற்று. கட்டுமஸ்தான உடல்வாகு கொண்ட அந்த உத்தரப் பிரதேசத்து மனிதர் அன்றே இறந்தார். அதே மாதம் மோகன் கிஷோர் நாமதாஸ், மோகித் மொய்த்ரா இருவரும் இதே கொடுமைக்குப் பலியானார்கள். உடல்கள் குடும்பத்துக்குக் கொடுக்கப்படவில்லை. கல்லைக் கட்டிக் கடலில் இறக்கிவிட்டதாகச் சக கைதிகள் பின்னாளில் எழுதினார்கள்.

நாற்பத்தைந்து நாட்களுக்குப் பின் அரசு இறங்கி வந்தது. அறைகளில் விளக்கு வந்தது, சோப்பு வந்தது, சாப்பாடு தேறியது. முக்கியமாக, புத்தகங்களும் பத்திரிகைகளும் வந்தன. கைதிகள் ஒன்றாக உட்கார்ந்து பேச அனுமதி கிடைத்தது. தனிமைப்படுத்துவதற்காகக் கட்டப்பட்ட கட்டடத்தில் மூன்று பேர் உயிரைக் கொடுத்துக் கூட்டாக உட்காரும் உரிமையை வாங்கினார்கள். பின்னால் வந்த இயக்கம் முழுக்க இந்த ஒரு உரிமையின் மேல்தான் எழுந்தது.

குண்டிலிருந்து புத்தகத்துக்கு

விளக்கு வந்த பிறகு சிறை வேறு இடமாக மாறியது. நாராயண் ராயும் நிரஞ்சன் சென்குப்தாவும் வகுப்பெடுத்தார்கள். வரலாறு, பொருளாதாரம், அரசியல், விஞ்ஞானம் என்று பாடங்கள் விரிந்தன. மார்க்ஸையும் லெனினையும் வரி வரியாகப் படித்தார்கள். இந்தப் புத்தகங்கள் எப்படி உள்ளே வந்தன என்று கேட்கலாம். கனமான பொருளாதாரத் தத்துவம் படித்தால் இளைஞர்களின் குண்டு மோகம் தணியும் என்று அதிகாரிகள் கணக்குப் போட்டதாகக் கைதிகளே பின்னர் சொல்லியிருக்கிறார்கள். ஒருவகையில் கணக்கு பலித்தது. குண்டு மோகம் தணிந்தது. அதைவிட ஆழமான ஒன்று வளர்ந்தது.

அவர்களைக் குடைந்த கேள்வி எளிமையானது. இத்தனை தியாகம் செய்தும் மக்கள் ஏன் நம் பின்னால் வரவில்லை? சிட்டகாங்கில் ஆயுதக் கிடங்கைப் பிடித்தவர்கள் நான்கே நாளில் ஜலாலாபாத் குன்றில் ராணுவத்தை எதிர்கொண்டு நின்றபோது அவர்களோடு விவசாயி இல்லை, தொழிலாளி இல்லை. படித்த நடுத்தரக் குடும்பத்துப் பையன்கள் மட்டுமே இருந்தார்கள். ரகசியக் குழு, தனிநபர்க் கொலை, வீர மரணம் என்ற பாதையின் எல்லையை அதில் இறங்கி நடந்தவர்களே பார்த்துவிட்டார்கள். பகத் சிங்கும் கடைசிக் காலத்தில் இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்; தூக்குமேடைக்குப் போகும்வரை லெனினைப் படித்தவர் அவர். அவருடைய தோழர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

1935 ஏப்ரலில் சுமார் முப்பத்தைந்து பேர் கூடிக் ‘கம்யூனிஸ்ட் கன்சாலிடேஷனை’ அமைத்தார்கள். சில நாட்களில் மே தினம். சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. இப்போது அந்தமான் சிறைக்குள் மே தினம் கொண்டாடப்பட்டது. அந்த நேரத்தில் இந்தியா முழுக்கக் கம்யூனிஸ்ட் கட்சி சட்டவிரோதம். 1934 ஜூலையில் தடை வந்துவிட்டது. வெளியே கூட்டம் போட்டால் உள்ளே போக வேண்டும். ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களை அதற்கு மேல் எங்கே அனுப்புவது?

கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார்கள். எழுத்து வாசனை குறைந்த கைதிகளுக்குப் பாடம் சொன்னார்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சிறையின் பெரும்பான்மை அவர்கள் பக்கம் சாய்ந்தது. கொள்கை மாறியபோது கூடவே வலியும் வந்தது. அனுசீலன், யுகாந்தர் என்ற இரண்டு பெரும் ரகசிய அமைப்புகளில் ‘தாதா’ என்றால் அண்ணன் மட்டுமல்ல. குரு, தளபதி, சில சமயம் கடவுள். அந்த தாதாக்களை மறுத்துப் பேசுவது வீட்டுப் பெரியவரை எதிர்ப்பதுபோல. துரோகம் என்ற வார்த்தை பறந்தது. ஒரே வழக்கில் தண்டனை பெற்றவர்கள் இரண்டு முகாமாகப் பிரிந்தார்கள். மார்க்சியத்தை ஏற்றுக்கொண்டும் இந்த அமைப்பில் சேர மறுத்த அனுசீலன்காரர்களும் இருந்தார்கள். அந்தப் போக்கிலிருந்துதான் 1940-ல் புரட்சிகர சோசலிஸ்ட் கட்சி பிறந்தது.

வேல்ஸில் ஒரு முன்னோடி

இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1916 ஈஸ்டர் எழுச்சி நசுக்கப்பட்டதும், பிடிபட்ட ஐரிஷ்காரர்களில் ஏறத்தாழ 1,800 பேரை பிரிட்டிஷ் அரசு வேல்ஸின் வடக்கே ஃப்ரான்கோக் என்ற சிற்றூரில், மூடிக் கிடந்த ஒரு விஸ்கி ஆலையில் அடைத்தது. பின்னாளில் ஐரிஷ் புரட்சித் தலைவரான மைக்கேல் காலின்ஸும் அங்கே இருந்தார். முகாமையே பாடசாலையாக்கிக்கொண்டு, தோற்ற கலகத்தின் பாடங்களை அலசி, அடுத்த போருக்கான வலைப்பின்னலை அங்கேயே பின்னினார்கள். டிசம்பரில் விடுதலையாகி வீடு திரும்பியபோது அயர்லாந்தின் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு தொடர்பு தயாராக இருந்தது. ‘புரட்சியின் பல்கலைக்கழகம்’ என்று ஃப்ரான்கோக்கை வரலாறு அழைக்கிறது. அந்தமான் கைதிகளும் செல்லுலார் சிறையை அப்படித்தான் நினைவுகூர்ந்தார்கள். ஐரிஷ்காரர்களைப் பார்த்துத் தங்கள் படைக்குப் பெயர் வைத்த சிட்டகாங் இளைஞர்கள், அந்தக் கதையின் இரண்டாம் பாகத்தையும் தாங்களே வாழ்ந்தார்கள்.

வெளியாட்கள் வந்து பாடம் படித்துப் போன ஊருக்கு அந்தப் பாடம் சொந்தமாகவில்லை. இதுவும் இரண்டு இடங்களுக்கும் பொதுவானது.

முப்பத்தாறு நாட்கள்

1936-ல் இந்திய அரசின் உள்துறை உறுப்பினர் சர் ஹென்றி கிரெய்க் அந்தமானுக்கு வந்து பார்த்துவிட்டுப் போய், இது கைதிகளின் சொர்க்கம் என்ற பொருளில் பேசினார். நாடு கொதித்தது. மத்திய சட்டசபை உறுப்பினர்கள் ராய்ஸாதா ஹன்ஸ்ராஜும் சர் முகமது யாமின் கானும் நேரில் போய்ப் பார்த்து வந்தார்கள். சொர்க்கத்தில் இருந்தவர்கள் 1937 ஜூலையில் அரசுக்கு எழுதினார்கள்: அரசியல் கைதிகள் அனைவரையும் விடுதலை செய், அடக்குமுறைச் சட்டங்களை நீக்கு, அந்தமானில் இருப்பவர்களைத் தாய்நிலத்துக்குத் திருப்பி அனுப்பு.

நேரம் பார்த்து எடுத்த முடிவு அது. மாகாணத் தேர்தல்கள் முடிந்து, சென்னை உட்படப் பல மாகாணங்களில் காங்கிரஸ் அமைச்சரவைகள் அப்போதுதான் பொறுப்பேற்றிருந்தன. வங்காளத்தில் ஃபஸ்லுல் ஹக்கின் ஆட்சி. பதில் வரவில்லை. ஜூலை இறுதி வாரத்தில் உண்ணாவிரதம் தொடங்கியது. பங்கேற்றோர் எண்ணிக்கை 200-ஐத் தாண்டியது.

1933 போராட்டம் சிறைக்குள்ளேயே நசுங்கிக் கிடந்தது; மரணச் செய்தியே தாமதமாகத்தான் வெளியே கசிந்தது. இந்த முறை வங்காளத்தின் மற்றச் சிறைகளும் தடுப்பு முகாம்களும் சேர்ந்து பட்டினி கிடந்தன. கல்கத்தா டவுன் ஹாலில் தாகூர் கண்டனக் கூட்டத்தில் பேசினார். மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். தனிநபர் வீரத்திலிருந்து வெகுமக்கள் அரசியலுக்கு வர வேண்டும் என்று வகுப்பறையில் பேசியதைக் கைதிகள் இங்கே செய்து காட்டினார்கள். அவர்களுடைய மிகப் பெரிய அரசியல் சாதனை இதுதான். ஆனால், அதற்குக் கிடைக்க வேண்டிய இடம் நம் பாடநூல்களில் கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் காந்தியின் தந்தி வந்தது. உண்ணாவிரதத்தைக் கைவிடும்படி கேட்டதோடு, பயங்கரவாதத்தில் நம்பிக்கை போய்விட்டதா என்றும் அவர் கேட்டிருந்தார். போய்விட்டது என்று பதில் சென்றது. காந்தியின் சொல்லுக்குப் பணிந்து எழுதிய பதில் என்று இதைப் படிப்பது தவறு. நான்கு ஆண்டுப் படிப்பும் விவாதமும் அவர்களை ஏற்கெனவே அந்த இடத்துக்குக் கொண்டுவந்திருந்தன. அகிம்சைக்கு மாறியதால் அவர்கள் அப்படிச் சொல்லவில்லை, மார்க்சியத்துக்கு மாறியதால் சொன்னார்கள். முப்பத்தாறு நாட்களுக்குப் பின் உண்ணாவிரதம் முடிந்தது.

செப்டம்பரிலிருந்து கப்பல்கள் கைதிகளைத் திருப்பி ஏற்றிச் சென்றன. 1938 ஜனவரியில் கடைசிக் குழுவும் போனது. கேட்டது கிடைத்தது. அதோடு அந்தமானில் அமைப்பும் இல்லாமல் போனது.

சிதறிய தோழர்கள்

வங்காளச் சிறைகளுக்கு மாற்றப்பட்டவர்களில் சிலர் 1938-லேயே வெளியே வந்தார்கள். சிட்டகாங்காரர்கள் 1946 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெரும்பாலோர் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியில் கரைந்தார்கள். தனி அமைப்பாக நீடிக்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை. பெரிய நதியில் சேர்வதற்காகவே அவர்கள் ஓடி வந்திருந்தார்கள்.

ஹரேகிருஷ்ண கோனார் விவசாயிகளிடம் போனார். 1967-லும் 1969-லும் மேற்கு வங்க ஐக்கிய முன்னணி அரசுகளில் நிலத்துறை அமைச்சராகி, பினாமி பெயரில் பதுக்கிய உபரி நிலத்தை வெளியே இழுத்தார். ஜலாலாபாத் குன்றில் விவசாயி ஏன் இல்லை என்ற கேள்விக்கு ஒரு மனிதர் தன் வாழ்நாளைக் கொடுத்துச் சொன்ன பதில் அது. கணேஷ் கோஷ் சட்டமன்றத்துக்கும், 1967-ல் தெற்கு கல்கத்தாவிலிருந்து மக்களவைக்கும் போனார். நிரஞ்சன் சென்குப்தா அமைச்சரானார். சிவ் வர்மா உத்தரப் பிரதேசத்தில் கட்சியைக் கட்டி 1997 வரை வாழ்ந்தார்.

எல்லார் பாதையும் ஒன்றாக இல்லை. லோக்நாத் பால் இடதுசாரிகளிடமிருந்து விலகிக் கல்கத்தா மாநகராட்சியில் அதிகாரியானார். அனந்த சிங் 1960-களில் மறுபடியும் ஆயுதக் குழு ஒன்றைக் கட்டி, வங்கிக் கொள்ளை வழக்குகளில் மறுபடியும் சிறைக்குப் போனார். படுகேஷ்வர் தத் பாட்னாவில் வறுமையில் உழன்று, 1965-ல் டெல்லி மருத்துவமனையில் இறந்தார். அவர் விருப்பப்படி ஹுசைனிவாலாவில் பகத் சிங்கின் நினைவிடம் அருகே எரியூட்டினார்கள். 1964-ல் கட்சி இரண்டாக உடைந்தபோது சிறையில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்களும் எதிரெதிர் மேடைகளில் நின்றார்கள்.

தீவில் ஏன் வேர் பிடிக்கவில்லை?

அந்தமானில் இந்த இயக்கத்தின் கிளை ஒன்றுகூட ஏன் மிஞ்சவில்லை என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. முதல் காரணம் சுவர். வெளியே போர்ட் பிளேரின் அபர்தீன் பஜாரிலும் சுற்றுக் கிராமங்களிலும் வாழ்ந்தவர்கள் பழைய தண்டனைக் கைதிகளின் சந்ததியினர். ‘லோக்கல் பார்ன்’ என்று தங்களை அழைத்துக்கொள்பவர்கள். சாதியும் மதமும் கலந்து புதிதாக உருவான அந்தச் சமூகத்தோடு அரசியல் கைதிகளுக்குப் பழக வழி இல்லை. உழைக்கும் மக்களைத் தேடிய இயக்கம், கூப்பிடு தூரத்தில் இருந்த உழைக்கும் மக்களைப் பார்க்காமலேயே கப்பல் ஏறியது. பிறகு 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை வந்தது. மூன்றரை ஆண்டு ஆக்கிரமிப்பில் தீவின் படித்த தலைமுறையே சித்திரவதையில் அழிந்தது.

இரண்டாவது காரணம் மனதுக்குக் கஷ்டமானது. பிரிவினைக்குப் பின் 1949 முதல் கிழக்கு வங்காள அகதிக் குடும்பங்கள் அந்தமானுக்கு அனுப்பப்பட்டன. கல்கத்தாவில் இடதுசாரிகளும் அவர்கள் செல்வாக்கிலிருந்த அகதிகள் அமைப்புகளும் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். காலாபாணிக்கு மக்களை நாடு கடத்துகிறார்கள் என்று பிரச்சாரம் செய்தார்கள். எதிர்ப்புக்கு நியாயமான காரணங்கள் இருந்தன. விருப்பம் கேட்காமல் யாரையும் காட்டுக்கு அனுப்பக் கூடாது. ஆனால், வந்தவர்கள் காடு திருத்தி, நெல் விதைத்து, வங்காளம் பேசும் கிராமங்களை உண்டாக்கினார்கள். இன்று தீவின் மிகப் பெரிய மொழிக் கூட்டம் அவர்களுடையது. அந்தமான் சிறையில் உருவான தலைவர்களின் கட்சி, அந்தமானுக்கு வந்த தன் சொந்த மக்களோடு தொடக்கத்திலேயே உறவைத் தவறவிட்டது.

பிறகு அரசியல் வெளியும் குறுகலானது. சட்டமன்றம் இல்லாத யூனியன் பிரதேசம்; ஒரே ஒரு மக்களவைத் தொகுதி; அதற்கும் நேரடித் தேர்தல் 1967-ல்தான் வந்தது. காங்கிரஸின் கே.ஆர். கணேஷ், மனோரஞ்சன் பக்தா, பிறகு பாரதிய ஜனதாவின் விஷ்ணு பத ராய் என்று போட்டி இரு பெரிய கட்சிகளுக்குள் அடங்கியது. 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 15 விழுக்காடாக இருக்கும் தமிழர்களில் பலர் கூலிக்கு வந்தவர்கள், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிக் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்கள். தொழிற்சங்கம் வளர வேண்டிய மண்தான். சங்கங்கள் இருக்கின்றன, மார்க்சிஸ்ட் கட்சி தேர்தலிலும் நிற்கிறது. வெற்றி பெற்றதில்லை.

கல்லில் இருப்பவர்கள்

சிறையை இடிப்பதைத் தடுத்தவர்கள் அந்தப் பழைய கைதிகள்தான். நிலநடுக்கம், ஜப்பானியர், சுதந்திரத்துக்குப் பின் நம் அரசே என்று எல்லோருமாகச் சேர்ந்து ஏழு கட்டடங்களில் நான்கை இல்லாமல் செய்துவிட்டார்கள். அந்த இடத்தில் மருத்துவமனை எழுந்தது. மிச்சத்தையாவது காப்பாற்றுங்கள் என்று கல்கத்தாவில் முன்னாள் அந்தமான் அரசியல் கைதிகள் சங்கமாகச் சேர்ந்து போராடினார்கள். 1979 பிப்ரவரி 11 அன்று பிரதமர் மொரார்ஜி தேசாய் அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்.

அதன்பின் தீவில் பெயர்ப் பலகைகள் பல மாறின. 2002-ல் விமான நிலையத்துக்கு சாவர்க்கர் பெயர் வந்தது. 2004-ல் சிறை வளாகத்தில் அவருடைய வாசகப் பலகையை அகற்றியதை ஒட்டி நாடாளுமன்றமே அமளிப்பட்டது. 2018-ல் மூன்று தீவுகளின் பெயர் மாறியது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர், ஸ்ரீ விஜயபுரம் ஆனது. கூட்டாகப் படித்து, கூட்டாகப் பட்டினி கிடந்தவர்களுக்கு ஒரு தனி முகம் இல்லை. பெயர் சூட்டும் அரசியலில் அவர்களுக்கு இடம் கிடைக்காததற்கு அதுவும் ஒரு காரணம். சிறைக்கு எதிரே உள்ள பூங்காவில் ஆறு தியாகிகளின் சிலைகள் இருக்கின்றன. மகாவீர் சிங், நாமதாஸ், மொய்த்ரா மூவரும் அதில் உண்டு. அவர்கள் உயிர் கொடுத்து வாங்கிய விளக்கில் மற்றவர்கள் என்ன படித்தார்கள் என்பதையும் அங்கு வரும் பயணிகளுக்குச் சொல்ல வேண்டும்.

சொல்வதற்குச் சான்றுகள் ஏராளம். விஜய் குமார் சின்ஹா தன் அந்தமான் அனுபவத்தை 1939-லேயே ஆங்கிலத்தில் புத்தகமாக எழுதினார். சதீஷ் பக்ராஷியின் நினைவுகள் வங்காளத்தில் உள்ளன. சிட்டகாங் தாக்குதலில் பள்ளிச் சிறுவனாகப் பங்கேற்ற சுபோத் ராய், விடுதலைக்குப் பின் ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து, கம்யூனிஸ்டுகளைப் பற்றி பிரிட்டிஷ் உளவுத்துறை சேர்த்து வைத்திருந்த ரகசியக் கோப்புகளைத் தேடியெடுத்து 1970-களில் தொகுதிகளாகப் பதிப்பித்தார். 2006 வரை வாழ்ந்தார். இந்த நூல்களைத் தமிழில் கொண்டுவரும் வேலையைத் தமிழகத்துப் பதிப்பகம் ஒன்று கையில் எடுத்தால், தீவில் வாழும் தமிழர்களுக்கும் தங்கள் ஊரின் இந்த ஆறு ஆண்டுகள் படிக்கக் கிடைக்கும்.